மேட்டு வழியில் போன யாத்திரிகர்

பியேரோஸ்,
அக்டோபர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்

அன்பு மகள் ஒலாயாவுக்கு அம்மா பெனில்தே எழுதிக்கொள்வது. சந்தியாகப்பர் புண்ணியத்தில் இங்கே நானும் கோழிகளும் நாயும் சௌக்கியம். உலகத்தின் கடைசிக் கோடியில், காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகும் என்று நீ சொல்கிற அந்த ஊரில், நீயும் மாப்பிள்ளை ரென்சோவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று உடனே எழுது. சௌக்கியமாக இருப்பவர்களில் உன் அப்பாவை ஏன் சேர்க்கவில்லை என்று இந்நேரம் உனக்குப் பகீரென்று இருக்கும். பதறாதே. அவருக்குக் கால்வலி. வீட்டிலும் இல்லை. அது எப்படிப்பட்ட கால்வலி, எங்கே போய் வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் நடுவில் புகுந்து "அப்புறம் என்னாச்சு, சீக்கிரம் சொல்லும்மா" என்று பிடுங்குவாய், நான் முக்கியமானதை விட்டுவிடுவேன். கடிதம் என்றால் நான் சொல்கிற வேகத்தில்தான் நீ கேட்டாக வேண்டும். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன்னை எனக்குத் தெரியும்.

திராட்சை அறுவடை முடிந்த வாரம் நீ போன் செய்தாய் அல்லவா, அன்றைக்கு ஆரம்பித்தது இது. "மே மாசம் நம்மூர்க் கோயில்லதான் கல்யாணம் பண்ணிக்க ஆசை, ஆனா என் ஞானத்தகப்பனான பெரியப்பா இல்லாம நான் அந்தக் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன், அப்பாவும் பெரியப்பாவும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டாங்கன்னு சேதி வந்தா டிக்கெட் போடுறேன், இல்லன்னா இங்கேயே ஆட்டுக்குட்டிங்க சாட்சியா மோதிரம் மாத்திக்கிறோம்" என்று நீ சொன்னதை உன் அப்பா முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு போனை என் கையில் திணித்து, பீப்பாய் அறைக்குள் போய்விட்டார். எனக்கு உன் மேல் அப்படி ஒரு கோபம். ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போன பெண் பெற்றவனுக்கு ஊசி போடுகிறாளே என்று. அப்புறம் யோசித்தால் நீ சொல்வதிலும் நியாயம் இருந்தது. மேல் தோட்டத்து மூலையில் இருக்கிற கஷ்கொட்டை மரத்தை வைத்து வந்த சண்டை, நீ முதல் முதலாக நற்கருணை வாங்கிய உன் புதுநன்மை வருஷம் வந்தது, நீ வளர்ந்து கடல் தாண்டிப் போன பிறகும் ஓயவில்லையே. தோட்டம் தம்பிக்கு, மரம் மட்டும் அண்ணனுக்கு என்று உன் தாத்தா பிரித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். இங்கே பாதி மரங்கள் அப்படித்தானே நிற்கின்றன, மண் ஒருவருடையது, அதில் நிற்கிற மரம் இன்னொருவருடையது. அதன் நிழல் இரண்டு வரிசைக் கொடிமேல் விழுந்து பழம் பழுக்கவில்லை என்று அப்பா கேட்டதும், அண்ணன்காரர் வெட்ட மாட்டேன் என்றதும், ஒரு குளிர்காலக் காலையில் இவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய கிளையை அறுத்துத் தள்ளியதும் உனக்குத் தெரியும். பெரியப்பா உனக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்த கிளை அதுதான் என்பதால் அவருக்கு அந்த அளவுக்கு வலித்தது என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

அந்த வருஷத் திருவிழாவில் கோயில் வாசலில் ஊரே பார்க்க உன் அப்பா போட்ட சபதமும் உனக்கு நினைவிருக்கும். "இனிமே செத்தாலும் தம்பின்னு சொல்லிக்கிட்டு இவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். உடனே பெரியப்பா, "நானும் அண்ணன்னு சொல்லிக்கிட்டு உன் வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்டா" என்றார். நல்ல ஜோடி. சொன்ன சொல்லை மீறினால் நாக்கு அழுகிவிடும் என்று நம்புகிற குடும்பத்தில் நான் வாழ்க்கைப்பட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த மரத்தின் கொட்டைகள் கீழே கொட்டிக் கிடக்கும். பெரியப்பா பொறுக்க வர மாட்டார், இவரும் தொட மாட்டார், என்னையும் தொட விட மாட்டார். காட்டுப்பன்றிகள்தான் தின்று கொழுத்தன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் போன் வந்து சில நாள் கழித்து, சூப்பைக் குடித்துக்கொண்டே உன் அப்பா, "இந்த யாத்திரைக்காரங்க முத்திரை குத்திக்கிட்டுப் போறாங்களே ஒரு சீட்டு, அது யாரு குடுப்பாங்க" என்று கேட்டார். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. நம் வீட்டு வாசலில்தான் சந்தியாகப்பர் கல்லறைக்குப் போகிற யாத்திரைப் பாதை போகிறது, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஜன்னல் வழியாக எத்தனை நாட்டு ஜனங்கள் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு தரமாவது இதில் நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை. கேட்டபோதெல்லாம் "பஸ் போற ஊருக்கு எவனாவது நடந்து போவானா, இவனுங்களுக்கு வீட்டுல வேலை இல்ல" என்பார். அந்த மனிதர் சீட்டு கேட்கிறார். எதற்கு என்றேன். "சும்மாத்தான், நீதானே நடக்கணும் நடக்கணும்னு கிடந்த" என்றார். சும்மா எதையும் செய்கிற ஆள் இல்லை அவர். டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பாரோ, என்னிடம் மறைக்கிறாரோ என்று பயந்தேன். அவர் தோட்டத்துக்குப் போன நேரம் மருந்து டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன், பழைய ரத்த அழுத்த மாத்திரைதான் இருந்தது. பங்குச் சாமியாரிடம் விசாரித்தேன், "பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருந்தாலும் நான் சொல்ல மாட்டேன், சொல்லாததை எப்படிச் சொல்றது" என்று சிரித்துவிட்டு இரண்டு சீட்டை எழுதிக் கொடுத்தார்.

புறப்பட்ட அன்று விடிகாலையில் பனி. உன் அப்பா தாத்தாவின் தடியை எடுத்துக்கொண்டு, யாத்திரைக்காரர்கள் அடையாளமாக மாட்டிக்கொள்கிற சிப்பி ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, உன் பழைய பள்ளிப் பையை முதுகில் மாட்டி நின்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு. பையைத் தூக்கிச் சரி செய்யலாம் என்று கை வைத்தால் அப்படிக் கனக்கிறது. மாற்றுச் சட்டையும் ரொட்டியும் என் பையில்தான் இருக்கின்றன, இவர் எதைத் தூக்குகிறார்? "என்னங்க இது, கல்லா?" என்றேன். "ஆமா கல்லுதான், பாவக் கல்லு, யாத்திரைக்காரனுங்க எல்லாரும் சுமக்கறதுதானே, கைய எடு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பையை நான் நெருங்க முடியவில்லை. உட்கார்ந்தால் மடியில் வைத்துக்கொள்கிறார், தண்ணீர் குடிக்கப் போனால் கூடவே எடுத்துக்கொண்டு போகிறார். மது பாட்டில் என்றால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. நடக்கிற நேரமெல்லாம் என் மனம் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

திராட்சைத் தோட்டங்கள் இப்போது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலையெல்லாம் சிவந்து, ஏற்றமும் இறக்கமுமாக ஒரே சிவப்பு. ஆனால் என் ஜன்மத்தில் முதல் முறையாகக் கூடையும் கத்தரியும் இல்லாமல் அதற்கு நடுவில் நடந்தேன் கண்ணு. கை சும்மா இருந்தால் கண்ணுக்கு இத்தனை தெரிகிறதா! குன்றின் மேல் தனியாக நிற்கிற வெள்ளை வீட்டுக்குப் பின்னால் ஒரு அத்திமரம் இருப்பதை இவ்வளவு வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. யாத்திரைக்காரர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. உன் அப்பாவை மட்டும் நகர்த்த முடியவில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் நின்று, "இவன் கவாத்து பண்ணியிருக்கானா, முடி வெட்டியிருக்கானா" என்று குறை சொல்வார், அறுவடையில் விட்டுப்போன கொத்து ஒன்றைப் பறித்து வாயில் போட்டுத் துப்புவார். நிக்கானோர் தன் தோட்டத்தில் மிச்சம் மீதியைப் பொறுக்கிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தான். "அடேயப்பா, தெல்மீரோ! நீ செஞ்ச பாவத்துக்கு சந்தியாகப்பர் பத்தாதுப்பா, நேரா ரோமாபுரிக்கே நடந்துடு" என்று கத்தினான். "உன் மதுவை வாங்கிக் குடிச்ச பாவத்தைக் கழுவத்தான்டா போறேன்" என்றார் இவர் திரும்பிப் பார்க்காமல். நிக்கானோருக்கும் சந்தோஷம், இவருக்கும் சந்தோஷம்.

அதற்குப் பிறகு நாங்கள் வழி தப்பினோம். யாரிடமும் சொல்லாதே. மஞ்சள் அம்புக்குறி கல்லுக்குக் கல் போட்டிருக்கிறது, கண் தெரியாதவன்கூடத் தடவிக்கொண்டு போகலாம். உன் அப்பா, "என் ஊர்ல எனக்கு அம்புக்குறியா" என்று டிராக்டர் போகிற குறுக்குப் பாதையில் இறங்கினார். அவர் இளவட்டமாக இருந்தபோது இருந்த பாதை. இப்போது அங்கே யாரோ புதிதாகக் கம்பி கட்டித் திராட்சைக் கொடி படரவிட்டிருக்கிறார்கள், ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் முள்வேலி, திரும்பிப் பார்த்தால் எல்லாத் தோட்டமும் ஒன்றுபோல இருக்கிறது. பிறந்து வளர்ந்த மண்ணில் உன் அப்பா திருதிருவென்று விழித்தார். மேலே பாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு கொரியாக்காரப் பெண்தான் கைதட்டிக் கூப்பிட்டு எங்களை வழிக்குக் கொண்டுவந்தாள். உன் வயதுதான் இருக்கும். எங்கிருந்து நடக்கிறீர்கள் என்று கேட்டாள். உன் அப்பா மார்பை நிமிர்த்தி, "வீட்டிலேருந்து" என்றார். வீடு எங்கே என்றாள். தடியால் கீழே காட்டினார், நம் வீட்டுப் புகைபோக்கி அங்கே தெரிந்தது. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு தத்தித் தத்தி நம் பாஷையில், "அந்தக் காலத்துல எல்லாரும் சொந்த வீட்டு வாசல்லேருந்துதான் புறப்படுவாங்களாம், நீங்கதான் நிஜ யாத்திரிகர்" என்றாள். அதற்குப் பிறகு உன் அப்பா அம்புக்குறியைப் பார்த்தே நடந்தார். "நிஜ யாத்திரிகர்" என்று ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார், என் காதில் விழுந்தது.

வில்லாஃப்ராங்காவுக்குள் நுழைகிற இடத்தில் சந்தியாகப்பர் கோயில் மன்னிப்பு வாசல் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். உருளைக்கிழங்கு முட்டை அடையும் சீஸும் கொண்டு போயிருந்தேன். அந்தக் காலத்தில் நோயில் விழுந்து மேற்கொண்டு நடக்க முடியாதவர்கள் அந்த வாசலைத் தொட்டாலே போதும், கடைசி வரை நடந்து போனவர்களுக்குக் கிடைக்கிற மன்னிப்பு அத்தனையும் உண்டு என்று வைத்திருந்தார்கள் அல்லவா, அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் டாக்டர் பயம் பிடித்துக்கொண்டது. அதற்காகத்தான் வந்தாரோ? நேராகவே கேட்டேன், "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா, என்கிட்ட மறைக்காதீங்க" என்று. அழுதும்விட்டேன். உன் அப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பைத்தியமா உனக்கு, நான் எருமை மாதிரி இருக்கேன்" என்றார். பிறகு அந்தக் கதவைக் காட்டி, "பாரு, இழுத்துச் சாத்தியிருக்கு. புனித ஆண்டுல மட்டுந்தான் திறப்பாங்க. மன்னிப்பெல்லாம் இந்த வருஷம் கிடையாது" என்றார். சொன்னது கேலிதான், ஆனால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரைத் தாண்டி ஆற்றுப்பாலம் வந்தது. நேரே போனால் பள்ளத்தாக்கு வழி, சமதரை, சாலையோரமாக எல்லோரும் அதில்தான் போகிறார்கள், கொரியாக்காரப் பெண்ணும் கையசைத்துவிட்டு அதில்தான் போனாள். வலப்பக்கம் வீடுகளுக்கு நடுவில் செங்குத்தாக ஏறுகிறது மேட்டு வழி. உன் அப்பாவின் முழங்காலை உனக்குத் தெரியும், மாடிப்படிக்கே முனகுவார். அந்த மனிதர் பாலத்தைத் தாண்டி ஒரு நிமிஷம் நின்றார், பையை இழுத்து இறுக்கிக்கொண்டார், வலப்பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது ஒலாயா. மேட்டு வழியில் மலையேறிப் போனால் பிரதேலா. பிரதேலாவில் பாதையோரத்து வீடு உன் எலாதியோ பெரியப்பாவுடையது. ஒப்துலியா பெரியம்மா உயிரோடு இருந்தபோதே யாத்திரிகர்களுக்கென்று கட்டில் போட்டு, முத்திரை வைத்து நடத்திய வீடு. தம்பி என்று சொல்லிக்கொண்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றுதானே சபதம்? யாத்திரிகனாக மிதித்தால்? நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது பயமும் வந்தது. போய்த் தட்டி, அவர் கதவைத் திறக்காவிட்டால்? இந்தப் பாதையில் சிப்பியும் தடியுமாக வந்தவனை யாரும் விரட்டுவதில்லை, அது வேறு. ஆனால் எலாதியோ பெரியப்பா எலாதியோ பெரியப்பாதான். அவர் ஒரு தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிறகு உன் கல்யாணமும் ஆட்டுக்குட்டிகள் சாட்சியாகத்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் "ஏறு ஏறு, மூச்சை மிச்சம் பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

ஏற்றம் உயிரை வாங்கியது. கீழே சாலையில் லாரிகள் பொம்மைபோலப் போயின. வெட்டவெளி முடிந்து கஷ்கொட்டைக் காட்டுக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி. பெரிய பெரிய மரங்கள், உள்ளே பொந்து விழுந்து ஆள் நுழையலாம் போலிருந்தன, காலடியில் முள் கூடுகள் வெடித்துக் கொட்டைகள் பளபளவென்று கிடந்தன. காடு முழுக்க டொப் டொப்பென்று விழுகிற சத்தம். குனிந்து ஒன்றை எடுக்கப் போனேன், உன் அப்பா, "தொடாதே, அடுத்தவங்க மரம்" என்று அதட்டினார். வழியில் மூன்று தரம் உட்கார்ந்தார். ஒரு தரம் உட்கார்ந்தபோது, என்னைப் பார்க்காமல், "அவன் இல்லன்னு வெச்சுக்கோ, வெளியூர் போயிருந்தான்னா, என்ன பண்றது" என்றார். இருப்பார் என்றேன். "இருந்து கண்டுக்காம போயிட்டான்னா?" என்றார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. போய்த்தான் பார்ப்போமே என்று சொல்லித் தடியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

பெரியப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸ் காலால் முள் கூடுகளை மிதித்து உடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப மெலிந்திருக்கிறார், தலை முழுக்க வெள்ளை. வளைவில் நாங்கள் வரும்போதே பார்த்துவிட்டார், பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது. எழுந்திருக்கவில்லை. வாசலில் பெரியம்மா கைப்பட எழுதிய பலகை அப்படியே இருக்கிறது. யாத்திரிகர் ஒரு நாள் தங்கலாம், உடம்புக்கு முடியாதவர் குணமாகும்வரை தங்கலாம் என்று. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நிதானமாகப் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். "யாத்திரிகருங்க. தங்க இடம் கிடைக்குமா?" என்றார். நான் மாதாவைக் கூப்பிட்டு மன்றாடினேன், பாதி மந்திரத்தில் வார்த்தை மறந்துவிட்டது. பெரியப்பா சிப்பியைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், அது அவர் அப்பாவின் தடி அல்லவா. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லா யாத்திரிகரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "நடந்தா, சைக்கிளா, குதிரையா?" "நடந்துங்க." "எங்கேருந்து?" "பியேரோஸ்லேருந்து." "ரொம்ப தூரமோ?" "தூரம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா வந்து சேர வருஷக்கணக்கா ஆயிடுச்சு." பெரியப்பா கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். "தெல்மீரோ," என்று பெயரைச் சத்தமாகப் படித்தார். "இந்தப் பேர்ல எனக்கு ஒருத்தனைத் தெரியும். முரடன்." உன் அப்பா விடுவாரா? "எனக்கும் இந்தப் பக்கத்துல ஒருத்தரைத் தெரியும். அவரு அவனுக்கும் மேல." பெரியப்பா முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டார். "உள்ள வாங்க, அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அந்த அம்மாவாம் நான்! என் கல்யாணத்தில் எனக்கு மோதிரத் தட்டு பிடித்தவர்.

உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு கட்டிலிலும் வெளுத்த துணி விரித்து, போர்வை மடித்து வைத்திருக்கிறது. இந்த மாதத்தில் மேட்டு வழியில் எவன் வருகிறான்? நீ அவருக்கும் போன் செய்திருக்கிறாய் கள்ளி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பும், பன்றிக்கறியை அடைத்துப் புகைபோட்ட போத்தியோவும் வைத்தார். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, வாங்க போங்க என்று அந்நியர்போலவே பேசிக்கொண்டார்கள், நான் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "உங்க ஊர்ல இந்த வருஷம் விளைச்சல் எப்படி?" "நல்லதுதாங்க. மேல் தோட்டத்துல ரெண்டு வரிசை மட்டும் சரியாப் பழுக்கல. நிழல்." "மரத்தை வெட்டிட வேண்டியதுதானே." "மரம் என்னுது இல்லீங்க. அண்ணனுது." "அண்ணன் இருக்காரா?" உன் அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "அதைப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றார். பெரியப்பா எழுந்து போய் அடுப்பைக் கிளறினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "ஒரு கிளைய யாரோ அறுத்தாங்கன்னு கேள்விப்பட்டேனே" என்றார். "அறுத்தவன் முட்டாளுங்க. அந்த இடத்துல துளிர்விட்டு இப்ப முன்னைவிடப் பெரிய நிழல்." "அந்தக் கிளைக்காகத் தம்பியையே விட்டானாமே ஒருத்தன்?" "அவனும் முட்டாள்தாங்க," என்றார் உன் அப்பா. பெரியப்பா தோள் குலுங்கியது. முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

இங்கே காசு வாங்குவதில்லை, மனம் இருந்தால் ஏதாவது வைத்துவிட்டுப் போகலாம் என்று பெரியப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார். உன் அப்பா பையை எடுத்தார். நாள் முழுக்க என் பிராணனை வாங்கிய பை. வாயைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். அத்தனையும் கஷ்கொட்டை, மேசை கொள்ளாமல் உருண்டு ஓடியது. நல்ல கொட்டையாகப் பார்த்து, ஈரம் துடைத்து, ஒரு சொத்தை இல்லாமல் எடுத்து வந்திருக்கிறார். எப்போது பொறுக்கினாரோ, எனக்குத் தெரியாது. பெரியப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவருக்கா தெரியாது? "மேல் தோட்டத்து மரம்." "ஆமாங்க." "பன்னி தின்னுட்டிருக்கும்னு நினைச்சேன்." "தின்னுட்டுத்தான் இருந்துச்சு. இந்த வருஷம் நான் முந்திக்கிட்டேன்." அப்புறம் இரண்டு பேரும் மேசைக்கு அடியில் குனிந்து உருண்டு போனதைப் பொறுக்கினார்கள், இரண்டு கிழவர்கள் முழங்காலில். நான் அழுதேன், அவர்களும் அழுததால்தான் மேலே வர அத்தனை நேரமானது என்று நினைக்கிறேன்.

காலையில் புறப்படலாம் என்று நான் பையைக் கட்டிவிட்டேன். உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெனில்தே, கால் வலிக்குது" என்றார். பதறிப்போய்ப் பார்த்தேன், ஒரு கொப்புளம் இல்லை, ஒரு சிராய்ப்பு இல்லை. எந்தக் கால் என்றேன். கொஞ்சம் யோசித்து, "ரெண்டும்" என்றார். பெரியப்பா கதவருகில் நின்று டாக்டர்போலப் பார்த்தார், கிட்டக்கூட வரவில்லை. "ம்ஹூம். இது லேசுல ஆறாது. பலகையில என்ன போட்டிருக்கு? குணமாகிற வரைக்கும். காட்டுல கொட்டை வேற அப்படியே கிடக்கு" என்றார். எனக்குக் கோழிகள் இருக்கின்றன, பீப்பாய் அறை இருக்கிறது. சாறு பொங்கி அடங்குகிற இந்தச் சமயத்தில் சாவு வீட்டுக்குக்கூடப் போகாத மனிதர் உன் அப்பா, "வாசனை மட்டும் பாத்துக்கோ, புளிப்பு தட்டினா போன் பண்ணு" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

கீழே பஸ்ஸுக்குப் பெரியப்பாதான் கொண்டுவந்து விட்டார். பஸ் வருகிற நேரத்தில் என் முகத்தைப் பார்க்காமல், "ஏம்மா, சந்தியாகப்பரைப் பாத்துட்டு நடந்தே ஊருக்குத் திரும்பற யாத்திரிகருங்க இப்பவும் உண்டுதானே?" என்றார். உண்டு என்றேன். "மே மாசத்துல அப்படி ஒருத்தன் உங்க வாசல் பக்கமா வந்தா, தங்க இடம் கிடைக்குமா?" என்றார். கட்டில் விரித்து வைத்திருப்பேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு பஸ்ஸில் வில்லாஃப்ராங்கா வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன், டிரைவர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பான்.

ஆகவே மகளே, ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நீ கேட்ட சேதி இதுதான். டிக்கெட் போடு. ரென்சோவின் அம்மாவுக்கும் சேர்த்துப் போடு, பாவம் அவர்கள் தனியாக என்ன செய்வார்கள். காற்றில் காதை மூடாமல் திரியாதே, ராத்திரி ஆடு குட்டி போடுகிற இடத்துக்குப் போனால் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு போ. ரென்சோ அந்தச் சொத்தைப் பல்லை டாக்டரிடம் காட்டிவிட்டானா? கல்யாணப் படத்தில் கன்னம் வீங்கி நிற்கப் போகிறான். வெள்ளை ஒயின் பீப்பாய் ஒன்று கொஞ்சம் மந்தமாக இருந்தது, உன் அப்பாவுக்கு போன் செய்தேன், அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "டேய், போனை வெச்சுட்டு வந்து கூடையைப் பிடிடா" என்றது. இவரும் "வரேன்டா" என்றார்.

மாதாவும் சந்தியாகப்பரும் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோலக் காக்கட்டும், நீங்கள் நினைத்த நல்லதெல்லாம் நடக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உன் அப்பாவுக்கு போன் செய்தால் கால் எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரி. குணமாகிவிட்டதா என்று மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதே.

மே மாதம் உன் வரவை எண்ணி ஜன்னலில் நிற்கும்,
உன் அம்மா
பெனில்தே